சரளைத் தரையும் நீரும்

சரளை பரப்பிய தரையைப் பார்ப்போர் அதனை அழகு கருதியதாகவோ செலவு சுருங்கிய தளமாகவோ கொள்வர். வரலாற்றை நோக்கின், அது மழைநீரை ஆளும் வழியாக இருந்துள்ளமை புலனாகும். நீரை விலக்கவும், உள்ளே விடவும், மண்ணில் காக்கவும் கல்லே பயன்பட்டமைக்கு இங்கிலாந்தின் இரு நூற்றாண்டு வரலாறு சான்றாகும்.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லௌடன் மக்காடம் (1756–1836), சாலை அமைக்கும் முறை பற்றிய தம் நூலை 1816இல் வெளியிட்டார். சுமையைத் தாங்குவது அடிமண்ணே. அம்மண் ஈரமின்றி இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. கூழாங்கல் சக்கரத்தின்கீழ் நழுவும். உடைகல்லோ தன் முனைகளால் ஒன்றையொன்று பற்றி இறுகும். ஆதலின் பெருங்கற்களை உடைத்தே இடுமாறு கூறினார். ஒரு கல்லின் எடை 6 அவுன்சுக்கு, அஃதாவது ஏறத்தாழ 170 கிராமுக்கு, மேற்படலாகாது என்றும் வரையறுத்தார். இறுகிய மேற்பரப்பில் வீழும் மழை இருபுறமும் வழிந்தோடும். தமிழில் கப்பிச் சாலை என வழங்குவது இவ்வகையினதே.

மக்காடத்திற்கு நீர் பகை. 1902இல் எட்கர் பர்னெல் ஹூலி தாரிட்ட கல்லுக்குக் காப்புரிமை பெற்றபின் அப்பகையை விலக்குதல் எளிதாயிற்று. நாளடைவில் ஊர்தி நிறுத்தும் பொருட்டு வீட்டு முன்றில்களும் தாராலும் கற்காரையாலும் மூடப்பட்டன. மண்ணுள் இறங்க இயலாத மழை தெருவை நிறைத்தது. 2007ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப்பின், 2008 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் புதுவிதி நடைமுறைக்கு வந்தது. முன்றிலில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தளமிட்டு, மழைநீரைத் தெருவில் விடுவோர் முன்னிசைவு பெறல் வேண்டும். நீர் இறங்கும் சரளைத் தரைக்கு அது வேண்டுவதில்லை.

இதற்கு முன்னரே எசெக்ஸ் பகுதியின் எல்ம்ஸ்டெட் மார்க்கெட்டில் பெத் சாட்டோ (1923–2018) மற்றொரு பயனைக் காட்டியிருந்தார். ஆண்டு மழை 20 அங்குல அளவினதாகிய அவ்வூரில், ஊர்திகள் நின்ற இடத்தை 1991–92இல் தோட்டமாக்கினார். இறுகிய மண் ஆழக் கிளறப்பட்டது, மட்கு சேர்க்கப்பட்டது, வறட்சி தாங்கும் செடிகளிடையே சரளை பரப்பப்பட்டது. அப்போர்வை ஈரம் ஆவியாவதைக் குறைத்தது. நீர் பாய்ச்சாமலே அத்தோட்டம் வளர்ந்தது.

ஆகவே கல்லின் வகையினும் அதன் அமைப்பே முதன்மையானது. இறுக்கிய கல் நீரைத் தள்ளும். இளக்கமாய்ப் பரப்பிய கல் நீரை ஏற்கும். முன்றிலில் சரளை இடுவோர் முதற்கண் ஆராயத்தக்கது அதன் நிறமன்று; அங்கு விழும் மழை எங்குச் செல்லும் என்பதேயாம்.