ஒற்றைப் பிரதியின் வரலாறு

மேற்குத் தாம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே பதிப்பு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எங்களிடம் யோசனை கேட்டார். பழைய சிற்றிதழ்களையும் மறுபதிப்புக் காணாத நூல்களையும் ஸ்கேன் செய்து சேர்த்து வருபவர் அவர். கோப்புகள் மூன்று கணினிகளிலும் எண்ணற்ற பென் டிரைவ்களிலும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து, வீட்டின் எந்தக் கணினியிலிருந்தும் எடுத்தாள, வலைப்பின்னலோடு இணையும் சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்க விரும்புகிறார். கடைகளில் அதை 'நாஸ்' என்பார்கள். எதை வாங்கலாம் என்று நாங்கள் கூடிப் பேசியபோது, பேச்சு பெட்டியின் விலையை விட்டு உ.வே.சாமிநாதையரிடம் போய் நின்றது. யோசித்துப் பார்த்தால், அங்கிருந்துதான் தொடங்கவும் வேண்டும்.

ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த ஐயர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் கேட்ட செய்தியை 'என் சரித்திரம்' நூலில் பதிவு செய்திருக்கிறார். அங்கிருந்த பழைய ஏடுகளை ஆகம விதி என்று சொல்லி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டார்களாம். சிதைந்த ஏடுகளைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு விடும் வழக்கமும் இருந்தது. நெருப்பும் நீரும் இப்படிக் கொண்டுபோன பிறகும் 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது எப்படி? அந்நூலின் பிரதிகள் வெவ்வேறு ஊர்களில், மடங்களிலும் வீடுகளிலுமாகப் பிரிந்து கிடந்தன. ஓர் ஊர்ப் பிரதியில் செல்லரித்த அடியை மற்றோர் ஊர்ப் பிரதி நிரப்பியது. ஓலையின் ஆயுளைக் காட்டிலும், பிரதி செய்தவர்களின் கைகளும் ஊர்களுக்கு இடையிலிருந்த தூரமுமே அந்தக் காவியத்தைக் காத்தன.

இதற்கு எதிரான பாடத்தை யாழ்ப்பாணம் தந்தது. 1981 மே 31இன் இரவில் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கேனும் பிரதி இருந்த நூல்களைப் பின்னாளில் மீண்டும் சேர்க்க முடிந்தது. அங்கு மட்டுமே இருந்தவை திரும்பவில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் பரப்பி வருவதை அந்த இழப்பின் நினைவோடுதான் பார்க்கத் தோன்றுகிறது.

எங்கள் தென்சென்னைப் பக்கத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. ஐயரின் சேகரிப்பைக் காக்க 1943இல் அவர் பெயரால் அமைந்த நூலகம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் காலமான பின், அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் அவை கடல் கடக்கவில்லை. சென்னையிலேயே, முதலில் முகப்பேரிலும் பிறகு தரமணியிலும், ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. நுண்படச் சுருள்களில் பிரதியெடுக்கவும் பட்டன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமோ, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தட்டெழுதிய தமிழ் நூல்களை எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தது. இறக்கியவரின் கணினி ஒவ்வொன்றும் ஒரு மடமாகவும் ஒரு பரணாகவும் ஆயிற்று.

இனி, பெட்டியின் கதை. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டகம் ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றும் அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. ஒரு கணினியின் வட்டை வலைப்பின்னல் வழியே மற்றவையும் தம்முடையதுபோல் பயன்படுத்தும் முறையைச் சன் நிறுவனம் 1984இல் பரவலாக்கியது. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 'ரெய்டு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். விலை மலிந்த பல வட்டுகளைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று பழுதானாலும் மற்றவை தாங்கும் என்பது அதன் சாரம். இவ்விரண்டும் 2000களில் சிறு பெட்டிக்குள் ஒடுங்கி வீட்டுக்கு வந்தன.

ரெய்டு என்ற சொல்லால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரட்டை வட்டு முறையில் ஒன்றில் எழுதுவது உடனே மற்றதிலும் எழுதப்படும். அப்படியே, ஒன்றில் தவறி அழித்தது மற்றதிலும் அழியும். ஒரு வட்டு பழுதானால் வேலை நிற்காது, அவ்வளவுதான். பெட்டி திருடுபோனாலும் நீரில் மூழ்கினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே அலமாரியில் அடுக்கிய இரு சுவடிகளை இரு பிரதிகள் என்று ஐயர் எண்ணியிருக்க மாட்டார்.

எங்களுக்கு இது ஏட்டுப் பாடமாக வரவில்லை. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது பற்றிய விவாதம் நெடுநாள் நடந்தது. அடையாற்றின் மேற்பகுதியை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகுகள் ஓடின. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் சென்றுசேர இயலாமல், 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு அன்று வெளிவரவில்லை.

நண்பர் அப்போது முடிச்சூர்ப் பக்கம் தரைத்தள வீட்டில் குடியிருந்தார். கவனமானவர், பேக்கப் எடுத்து வைத்திருந்தார். கணினி மேசைக்கு அடியில் இருந்தது. பேக்கப் வன்தட்டு அலமாரியின் கீழ்த்தட்டில். இரண்டுக்கும் இடையே நான்கடி தூரம். மறைந்த நாடகக் கலைஞர் ஒருவரை மூன்று ஆண்டுகளாகச் சந்தித்துப் பதிவு செய்த பதினொரு மணி நேரக் குரல் அவ்விரண்டிலும் இருந்தது; வேறெங்கும் இல்லை. சேறு வழித்த வன்தட்டை அவர் இன்னும் எறியவில்லை.

ஆகவே அவருக்கு நாங்கள் சொன்ன யோசனை சிக்கனமானது. முதலில் அளவைக் கணக்கிடுங்கள். டெமி அளவுப் பக்கம் ஒன்றை 300 டிபிஐ வண்ணத்தில் சுருக்காமல் ஸ்கேன் செய்தால் சுமார் 12 மெகாபைட். 200 பக்க நூலுக்கு இரண்டரை ஜிகாபைட். 400 நூல்களுக்கு ஒரு டெராபைட். ஆயிரம் நூல் வைத்திருப்பவருக்கு 4 டெராபைட் வட்டுகள் இரண்டு கொண்ட சாதாரணப் பெட்டி போதும். வேகமான செயலிக்கும் கூடுதல் வட்டு அறைகளுக்கும் போகும் பணத்தை யுபிஎஸ்ஸுக்கும் மூன்றாவது வட்டுக்கும் செலவிடுங்கள். பெட்டியை மாடியில் வையுங்கள். வெளியிலிருந்து அணுகும் வசதிக்காக அதை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். 2022இல் 'டெட்போல்ட்' என்ற பணயக் கொள்ளை நிரல் அவ்வாறு திறந்திருந்த பெட்டிகளைத்தான் பூட்டிப் பணம் கேட்டது. அழித்த கோப்பின் முந்தைய நிலையைச் சில வாரங்கள் வரை மீட்டுத் தரும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டியே வேண்டாம், எல்லாவற்றையும் இணையச் சேவையில் போட்டுவிடலாமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். போடலாம், ஒரு பிரதியாக. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் தொடக்ககாலப் பக்கங்கள் இல்லாமற் போனதை இணையத்தில் எழுதியவர்கள் மறந்திருக்க முடியாது. சேமித்த வடிவமும் முக்கியம். பழைய எழுத்துருக் குறியீடுகளில் அடித்த தமிழ்க் கோப்புகள் வட்டில் பழுதின்றி இருந்தும், இன்று திறந்தால் வாசிக்க இயலாத குறிகளாக நிற்கின்றன. ஒருங்குறிக்கு மாற்றப்படாத கோப்பு பூட்டிய பெட்டகத்துக்குச் சமம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது தூரம். ஒரு பிரதி தாம்பரத்துக்கு வெளியே, அடையாறும் கூவமும் எட்டாத ஊரில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை அதிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பாராத பேக்கப், இருக்கிறது என்று நம்பப்படுவது மட்டுமே.

நண்பர் பெட்டி வாங்கிவிட்டார். மூன்றாவது வட்டு காரைக்குடியில் அவருடைய அக்கா வீட்டில், பட்டுப் புடவைகள் வைக்கும் பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போகும்போது புதிய வட்டைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருகிறார். "இதில் அப்படி என்னடா இருக்கிறது?" என்று அக்கா ஒவ்வொரு முறையும் கேட்கிறாராம். அந்தப் பதினொரு மணி நேரம் அதில் இல்லை என்பதை மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை.