பித்தளை வில்லையும் பெயரற்ற தியாகமும்

அண்மையில் சிவகாசிப் பகுதியில் வீடு சந்திப்புக்குச் சென்றபோது, மறைந்த தீயணைப்பு வீரர் ஒருவரின் மகனார் தகரப் பெட்டியொன்றை நம் முன் திறந்து வைத்தார். தந்தையின் தொப்பிச் சின்னத்தோடு, தாமே தேடிச் சேர்த்த பழைய காவல்துறை வில்லைகளும் அதில் இருந்தன. "எல்லாம் எடைக்குப் போகும் பித்தளை என்கிறார்கள், சாமி" என்றார். எடைக்குப் போடத் தக்கவையா இவை?

அரசுப் பணியாளனை 'வில்லைச் சேவகன்' என்று நம் முன்னோர் அழைத்தனர். ஆளைவிட வில்லைக்கே மதிப்பிருந்த காலம் அது. அவ்வில்லையே தன் காலத்தையும் சொல்லும். மணிமுடி பொறித்தது ஆங்கிலேயர் ஆட்சியினது. அசோகரின் சிங்கங்களைத் தாங்கியது விடுதலைக்குப் பிற்பட்டது. மாநிலப் பெயர் 'மதராஸ்' என்றிருப்பின், 1969-இல் தமிழ்நாடு என்னும் பெயர் சூட்டப்படுவதற்கு முந்தியது. சென்னை எழும்பூரில், பழைய காவல் ஆணையர் அலுவலகத்தில் 2021-இல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகம் இத்தகைய நினைவுகளைப் பேணுகிறது.

அமெரிக்கத் தீயணைப்பு வீரர் பலரின் வில்லையோ சிலுவை வடிவினது. நோயாளரைப் பேணிய புனித யோவான் சபையாரின் எண்முனைச் சிலுவையே அதன் மூலம் என்பது மரபு. அதிகாரத்தின் அடையாளமாகப் பிறந்த வில்லை, அங்கே பணிவிடையின் அடையாளமாயிற்று.

1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது, தீயணைக்கச் சென்ற வீரர் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் நினைவாக இன்றும் ஆண்டுதோறும் அந்நாளில் நாடு தலைவணங்குகிறது. நன்று.

ஆயின், 1920-களில் தீப்பெட்டியில் தொடங்கிப் பட்டாசில் வளர்ந்த நம் கரிசல் மண்ணை நோக்குவோம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது ஏறத்தாழ 40 பேர் மடிந்தனர். தீயைக் கண்டு ஓடிவந்த சுற்றுவட்டாரத்து மக்களும் அவர்களுள் அடங்குவர். உதவிக்கு விரைந்த கைகளுக்கு வில்லை ஏது? எண் ஏது? எந்தப் பெட்டி அவர்களுடைய நினைவைக் காக்கும்?

வில்லைகளை விற்க வேண்டாமென்றும், ஒவ்வொன்றோடும் அணிந்தவர் பெயரும் பணியாற்றிய ஊரும் எழுதிய சீட்டைச் சேர்த்து வைக்குமாறும் அவ்விளைஞரிடம் கூறினோம். "வில்லை இல்லாதவர்களுக்கு?" என்று கேட்டார். பெட்டியில் ஒரு குறிப்பேட்டையும் வைக்கச் சொன்னோம். அதன் முதற்பக்கம் இன்னும் வெறுமையாக உள்ளது. வெடிவிபத்துகளில் பிறரைக் காக்கச் சென்று உயிர்நீத்தோரின் பெயர்களை, அறிந்தோர் எழுதித் தருவீர்களாக. வரும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளில், அவற்றைப் பீடத்தில் உரக்க வாசிப்போம்.