பட்டும் பட்டியும்: ஒரு துருப்பிடித்த வண்டியின் கதை

ஒரு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்பிடுவீங்க, ஆனா உண்மை அது இல்ல. நாலு வாரமா சனி, ஞாயிறு ரெண்டு நாளும் காஞ்சிபுரத்துல ஒலிமுகமதுபேட்டை பக்கம் ஒரு டிங்கர் பட்டறையில உக்காந்து தகரத்தைத் தேய்ச்சிட்டு இருந்தேன். பொட்டி தட்டுற கையில இப்ப எமரி பேப்பர் தழும்பு. :-)

காஞ்சிபுரம்னதும் எல்லாருக்கும் பட்டுதான் ஞாபகம் வரும். நான் எழுதப்போறது பட்டு இல்லீங்க, பட்டி. வண்டி ஒடுங்கினா 'பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கிறது'ன்னு சொல்றோமே, அந்தப் பட்டி.

பெரியப்பாகிட்ட ஒரு ஸ்டேண்டர்டு 20 பிக்கப் இருக்கு. பிள்ளையார்பாளையத்துல வீட்டுக்குப் பின்னாடி தென்னை மரத்தடியில பல வருஷமா நிக்குது. 1989-ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. புடவை பார்சல், தறிக்கட்டை, சாயப்பட்டறையில அலசின ஈர நூல், எல்லாம் அதுலதான் போகும். ஈர நூல் சொட்டின தண்ணியே வண்டியோட அடித்தகட்டைத் தின்னுடுச்சுன்னு பெரியப்பா சொல்வார். போன தை மாசம் பழைய இரும்புக்காரர் வந்து எடை போட்டு விலை சொன்னார். பெரியப்பா பதில் சொல்லாம உள்ள போயிட்டார். அன்னிக்கு ராத்திரி எனக்கு போன். "டேய், அதைச் சரி பண்ண முடியுமான்னு பாரு."

பார்க்கப் போன இடத்துல வண்டியோட சரித்திரம் என்னைப் பிடிச்சிக்கிச்சு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

ஸ்டேண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நம்ம ஊர்க் கம்பெனி. 1948-ல் தொடங்கினது. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் தொழிற்சாலை. முதலில் வேன்கார்டு காரை இங்கே பூட்டி விற்றார்கள். 1953-ல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உதிரி பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இருக்கிறவர்கள் மட்டும் தொழிலில் இருக்கலாம் என்று சொன்னது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அதை ஒட்டி நடையைக் கட்டின. நின்று விளையாடிய சிலரில் ஸ்டேண்டர்டும் ஒன்று. 1961-ல் ஹெரால்டு, 1972-ல் கெசல் என்று கார்கள் வந்தன.

ஸ்டேண்டர்டு 20-யின் மூலம் பிரிட்டனில் 1958-ல் வந்த ஸ்டேண்டர்டு அட்லஸ் வேன். அங்கே அது லேலண்ட் 20 என்று பெயர் மாறி 1968-ல் நின்றுபோனது. அச்சு, டைகள் எல்லாம் கப்பலேறி மெட்ராஸ் வந்தன. அவர்கள் கைவிட்டதை நாம் மேலும் பல வருஷம் செய்தோம். டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில்தான் என்ஜின். சித்திரை மாசம் அதில் சென்னை வரை போய் வந்தவர்களைக் கேளுங்கள், சூடு என்றால் என்ன என்று சொல்வார்கள்.

கம்பெனியின் முடிவும் இங்கேதான். 1983-ல் மாருதி 800 வந்து கார் சந்தையைப் புரட்டிப்போட்டது. 80-களின் நடுவில் ஜப்பான் கூட்டில் டி.சி.எம். டொயோட்டா, ஐஷர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மஸ்டா மாதிரி புது இலகு லாரிகள் வந்தன. 1985-ல் ஸ்டேண்டர்டு 2000 என்ற விலை உயர்ந்த கார் ஒன்றைக் கொண்டுவந்து இவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1988-ல் உற்பத்தி நின்றது. பெரியப்பா வண்டி வாங்கினது அதற்கு அடுத்த வருஷம்! இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகளும் ஐ.டி. கட்டடங்களும் நிற்கின்றன. நம்ம ஆட்கள் சிலர் தினமும் பெட்டி தட்டுவது ஒரு வேன் பிறந்த இடத்தில்தான்.

கம்பெனி போச்சு. கதவு, மட்கார்டு, அடித்தகடு எதுவும் புதுசா கிடைக்காது. அப்புறம் எப்படி இந்த வண்டிகள் இத்தனை வருஷம் ஓடின?

லைசென்ஸ் காலத்து வண்டியெல்லாம் இரும்பு மாதிரி உழைக்கும், இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா என்று பெரியவர்கள் சொல்வார்கள். பட்டறையில் நாலு வாரம் இருந்ததில் எனக்கு இது பாதிப் பொய் என்று தெரிந்தது. ஸ்கூட்டருக்கே வருஷக்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. புது வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. அதனால் இருக்கிறதைத் திரும்பத் திரும்ப வெட்டி, ஒட்டி, தட்டி ஓட்டினார்கள். உழைத்தது வண்டி இல்லை, டிங்கர். எந்தக் கம்பெனி வரலாற்றிலும் அவர் பெயர் இருக்காது.

எங்க டிங்கர் பாய்க்கு அறுபது வயசு தாண்டியிருக்கும். முதல் நாள் வண்டியைச் சுற்றி வந்தார். கதவுக்குக் கீழே பெயின்ட்டில் ரெண்டு மூணு கொப்புளம். அவ்வளவுதானே, சுரண்டிட்டு பெயின்ட் அடிச்சிடலாம்னு நான் நினைத்தேன். பாய் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினார். பொத்துனு உள்ளே போய்விட்டது.

"தம்பி, துரு வெளியே இருந்து உள்ள போறது இல்ல. உள்ள இருந்து வெளிய வருது. உங்க கண்ணுக்குத் தெரியறப்போ கதை முடிஞ்சிருக்கும்."

படிச்ச படிப்புக்கு இதுக்கு விளக்கம் தெரியும், ஆனா உறைச்சது அப்பதான். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூணும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். அலுமினியத்தின் ஆக்சைடு தோல் மாதிரி இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பின் துரு அப்படி இல்லை. இரும்பைவிடச் சில மடங்கு இடம் பிடித்து ஊதும், உதிரும், பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். கதவின் அடிமடிப்புக்குள் தேங்கின தண்ணீர் உள்ளிருந்து தின்றுகொண்டே வந்து, கடைசியாகத்தான் பெயின்ட்டைத் தூக்கும்.

அதனால் முதல் வேலை வெட்டுவது. நல்ல தகடு வருகிற வரைக்கும் வெட்ட வேண்டும். பிறகு 20 கேஜ் தகட்டை அளவெடுத்து வெட்டி, மர சுத்தியால் தட்டித் தட்டி வளைவைக் கொண்டுவந்து, கேஸ் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக ஒட்டுவது. ஒரே மூச்சில் ஒட்டினால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், நடுவில் ஈரத்துணி. பக்கத்தில் நின்று பார்த்த பெரியப்பா, "கோர்வை போடற மாதிரி இருக்கு" என்றார். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து பூட்டுவதுதான் கோர்வை. காஞ்சிப் பட்டுக்குப் பேர் வாங்கித் தந்த வேலை. பாய்க்குச் சிரிப்பு தாங்கலை. "அண்ணே, உங்க புடவைக்கு வெல்டிங் கேஸ் வேணாமே!"

அடுத்தது துரு நீக்கி. பட்டறையில் தடவும் அந்தத் திரவம் பாஸ்பாரிக் அமிலம். மிச்சத் துருவைக் கரைத்து, இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலம் விடும். எனக்கு டில்லி இரும்புத்தூண் ஞாபகம் வந்தது. 1600 வருஷமாக வெட்டவெளியில் நிற்கிற தூண் அது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் உருவான பாஸ்பேட் படலம்தான் காவல் என்று விளக்கியவர் ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். இன்றைய கார் தொழிற்சாலைகளிலும் பெயின்ட்டுக்கு முன்னால் பாடியை பாஸ்பேட் தொட்டியில்தான் முக்குகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. அடுத்து அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமரில் இருக்கிற சிவப்பு, இரும்பு ஆக்சைடு. அதாவது துருவோட பங்காளி! துருவைத் தடுக்க துருவின் சொந்தக்காரனையே காவலுக்கு வைக்கிறோம்.

அப்புறம் பெயின்ட். நம்ம பட்டறைகளில் இன்னும் 'டியூகோ' என்கிறார்களே, அது அமெரிக்க டூபான்ட் கம்பெனியின் வியாபாரப் பெயர். 1920-களின் தொடக்கம் வரை கார்களுக்கு வார்னிஷ் வகைப் பூச்சுதான். மேலே மேலே பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். சீக்கிரம் காய்கிற கறுப்பு எனாமலை வைத்து ஃபோர்டு தன் மாடல் டி-யை 1914 முதல் 1925 வரை கறுப்பிலேயே ஓட்டினார். அந்த நேரத்தில் டூபான்ட் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தது. அவர்கள் பரம்பரையாக வெடிமருந்து வியாபாரிகள், இந்தப் பெயின்ட்டும் துப்பாக்கிப் பஞ்சுக்கு உறவுதான். 1924 மாடல் ஓக்லண்ட் கார் அதில் நீலமாக வந்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. சாலைகளில் கலர் வந்தது அப்படித்தான்.

பாய்க்கு இந்தக் கதை தெரியாது. ஆனால் மழை நாளில் டியூகோ அடித்தால் காற்றின் ஈரம் ஏறி பெயின்ட் வெளுக்கும் என்று தெரியும். ஒரு சனிக்கிழமை வானத்தைப் பார்த்துவிட்டு ஸ்ப்ரே கன்னைக் கழுவி வைத்துவிட்டார். எனக்கு ஒரு பஸ் டிக்கெட் தண்டம்.

இப்ப பட்டிக்கு வருவோம். டிங்கர் வேலையில் நேர்மையும் மோசடியும் சந்திக்கிற இடம் அதுதான். சுத்தியலில் முடிந்தவரை தட்டி எடுத்து, மிச்ச மேடுபள்ளத்துக்கு மெல்லிசாக இழுத்துத் தேய்த்தால் அது வேலை. துருவின் மேலேயே அரை இன்ச் அப்பி பெயின்ட் அடித்தாலும் வண்டி பளபளன்னுதான் இருக்கும். ரெண்டு மழைக்காலம் போகட்டும், பாளம் பாளமாக விழும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்குத்தான். பட்டியில் காந்தம் ஒட்டாது.

எங்க ஊர்ல இதைவிடப் பெரிய பட்டிக் கதை ஒண்ணு இருக்கு. கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. மணற்கல் அரிக்க அரிக்க, அடுத்தடுத்து வந்தவர்கள் சுதை பூசிச் சரிசெய்தார்கள். பல சிற்பங்களில் பல்லவச் சிற்பி செதுக்கின முகம் எது, பின்னால் அப்பின முகம் எது என்று நிபுணர்களே உற்றுப் பார்க்கணும். அந்தக் கோயிலின் சிற்றறைகளில் பல்லவர் கால ஓவியத் துண்டுகள் இருப்பதை 1931-ல் உலகுக்குச் சொன்னவர் பாண்டிச்சேரியிலிருந்த பேராசிரியர் ழுவோ துப்ரேய். பின்னால் வந்த பூச்சு மறைத்தும் இருக்கிறது, பல இடத்தில் கல் கொட்டாமல் பிடித்தும் வைத்திருக்கிறது. மூடினவர்களை எளிதாகத் திட்ட முடியவில்லை.

இதை நான் சும்மா சொல்லலை. மூணாவது ஞாயிறு, இடது பக்கக் கதவைத் தண்ணி பேப்பரில் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே நீலம். அதற்கு அடியில் மஞ்சள். மஞ்சளில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. மெதுவாகத் தேய்த்தால் எழுத்து. பெயின்டர் கையால் எழுதின '& பிரதர்ஸ்'.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து தொழில் பண்ணினது எனக்குத் தெரியும். பிரிந்தது எனக்கு ஆறு வயசில். அதற்கப்புறம் கல்யாணம், காரியம் தவிர பேச்சு கிடையாது. வண்டியை நீலத்துக்கு மாற்றினது அந்த வருஷம்தான் என்று இப்பத்தான் புரிந்தது.

பாய் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். "அண்ணே, இந்தக் கதவுல தகடு நல்லா இருக்கு. பட்டி வேணாம். அப்படியே விடவா, அடிக்கவா?"

பெரியப்பா ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் என்னிடம், "ஒரு போட்டோ எடுத்துக்கோ. உங்கப்பாவுக்கு அனுப்பு" என்றார். பாயிடம், "மஞ்சளே அடிச்சிடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்தப் பட்டறை இன்னும் எத்தனை வருஷம் என்று தெரியாது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போகிற வழியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998-ல் ஹூண்டாய் சான்ட்ரோவை இறக்கியது. இந்த மாதிரி தொழிற்சாலைகளில் முழு பாடியையும் பெயின்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். ஸ்ப்ரே கன் எட்டாத மடிப்புக்குள்ளும் பிரைமர் ஏறிவிடும். ஒடுங்கினால் கதவையே கழற்றிப் புதுசு மாட்டுகிறார்கள். 2021-ல் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையும் வந்துவிட்டது. நல்லதுதான், புகையும் குறையும். ஆனால் தகட்டைத் தடவியே உள்ளே துரு இருக்கிறதா என்று சொல்கிற கை இனி புதுசாக வராது. பாயோட பையன் ஒரகடத்தில் வேலைக்குப் போகிறான்.

வண்டி இப்ப மஞ்சளா நிக்குது. எஃப்.சி. கிடைக்குமா, திரும்ப ரோட்டுக்கு வருமா, அது தனிக் கதை. கதவுல இன்னும் எதுவும் எழுதலை.

போட்டோ அனுப்பினதுக்கு அப்பா ரெண்டு நாள் பதில் போடலை. மூணாம் நாள் ஒரே ஒரு வரி: "அந்த எழுத்துக்கு நாப்பது ரூவா குடுத்தோம்."

அடுத்த ஞாயிறு காஞ்சிபுரம் வர்றேன்னு சொல்லியிருக்கார்.