காற்றின் ஓசையும் காட்சியின் இசையும்

1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள். லூர்து நகரின் புறத்தே, மசபியேல் குகையருகே விறகு பொறுக்கச் சென்ற மூன்று சிறுமியருள் ஒருத்தி, ஓடையைக் கடப்பதற்காகக் காலுறையைக் கழற்றத் தொடங்கினாள். அப்பொழுது பெருங்காற்று வீசுவதுபோல் ஓர் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள், மரங்கள் அசையவில்லை. மீண்டும் அதே ஓசை. இம்முறை குகையின் பிளவருகே இருந்த காட்டு ரோஜாப் புதர் மட்டும் அசைந்தது. புனித பெர்னதெத் பின்னாளில் பலர் முன்னிலையில் அளித்த சான்று இது. காட்சி கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்கு எட்டியது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

85 ஆண்டுகளுக்குப் பின், இவ்வோசையை இசையில் எழுதும் பொறுப்பு கலிபோர்னியாவில் வாழ்ந்த ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவர் ஆல்பிரட் நியூமன்; யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படம் 1943இல் வெளிவந்த 'பெர்னதெத்தின் பாடல்'.

பழைய ஹாலிவுட் படங்களின்மீதும் அவற்றின் இசையின்மீதும் எனக்கு நெடுநாளாகவே பற்று உண்டு. பங்குப் பணியாளர் ஒருவர் இதனை ஒப்புக்கொள்வது சிலருக்கு வியப்பாய் இருக்கலாம். ஆயினும் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1936இலும், 12ஆம் பத்திநாதர் 1957இலும் திரைப்படத்தைப் பொருளாகக் கொண்டு சுற்றுமடல்கள் எழுதியுள்ளனர். திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் 'பென்ஹர்' இடம்பெற்றது. எனவே துணிந்து எழுதுகிறேன்.

அக்காலத்துப் பெரிய படநிறுவனங்கள் தமக்கெனச் சொந்த இசைக்குழுக்களை வைத்திருந்தன. அவற்றுக்கு இசை எழுதியவர்களுள் பலர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். மாக்ஸ் ஸ்டெய்னரும் எரிக் கோர்ன்கோல்டும் வியன்னாவில் பயின்றவர்கள். பிரான்ஸ் வாக்ஸ்மனோ 1934இல் பெர்லின் தெருவில் நாத்சிகளிடம் அடிபட்டபின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். திரையரங்கில் உலகம் கேட்டு மகிழ்ந்த இசையின் ஒரு பகுதி இப்படி ஊரிழந்தோரின் கைவண்ணமாய் இருந்தது.

'பெர்னதெத்தின் பாடல்' என்னும் கதையும் ஊரிழந்த ஒருவரின் நூலே. பிராகா நகரில் பிறந்த யூத எழுத்தாளர் பிரான்ஸ் வெர்பல், 1940இல் பிரான்ஸ் நாடு வீழ்ந்தபொழுது மனைவியோடு ஓடிவந்து லூர்து நகரில் சில வாரங்கள் தங்கினார். பிடிபட்டால் உயிருக்கு உறுதியில்லை. அந்நாள்களில் பெர்னதெத்தின் வரலாற்றை அறிந்த அவர், உயிர் தப்பி அமெரிக்கக் கரையை அடைந்தால் அச்சிறுமியின் கதையை எழுதுவதாக நேர்ந்துகொண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் பிரனேய மலையைக் கால்நடையாகக் கடந்து ஸ்பெயின் சேர்ந்தார். பின்னர் லிஸ்பனிலிருந்து கப்பலேறி நியூயார்க் அடைந்தார். அடுத்த ஆண்டே நேர்ச்சையை நிறைவேற்றினார். 1945இல் இறந்த அவர் திருமுழுக்குப் பெற்றவரல்லர். தாம் கத்தோலிக்கரல்லர், யூதர் என்பதை நூலின் முன்னுரையிலேயே கூறிவிட்டார்.

படத்தின் உயிர்நிலை குகைக்காட்சி. அதற்குப் பொருத்தமான இசை எது? முதலில் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியை அணுகினர். அவர் காட்சிக்கென எழுதத் தொடங்கியது படத்தில் இடம்பெறவில்லை. பின்னர் அவருடைய 'மூன்று பகுதிச் சிம்பொனி'யின் நடுப்பகுதியாயிற்று. பொறுப்பு நியூமனிடம் வந்தது. திருக்கிண்ணத்தைப் பற்றி வாக்னர் எழுதிய இசையும், ஷூபர்ட்டின் 'ஆவே மரியா'வும் அவர் நினைவில் நின்றன. யார் கேட்டாலும் 'இது புனிதமான இடம்' என்று உடனே உணர்ந்துகொள்ளும் இசை அது. அவ்வழியில் எழுதியும் பார்த்தார், மனம் நிறையவில்லை. வெர்பலின் நூலை மீண்டும் படித்தார். அப்பொழுதுதான் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. தான் மரியன்னையைக் கண்டதாக அச்சிறுமி தொடக்கத்தில் சொல்லவேயில்லை. அழகிய பெண்மணி ஒருவரைக் கண்டதாகவே சொன்னாள்.

வரலாறும் இதனை உறுதிசெய்கிறது. தான் கண்டதைப் பெர்னதெத் தன் ஊர்ப் பேச்சில் 'அது' என்னும் பொருள்படும் 'அக்கெரோ' என்ற சொல்லாலேயே குறித்தாள். தம் பெயர் அமல உற்பவம் என்று அன்னை அறிவித்தது மார்ச் 25ஆம் நாளில்தான். முதற்காட்சிக்கும் அந்நாளுக்கும் இடையே ஆறு வாரங்கள். அந்நாள்களில் அவளிடம் விளக்கம் ஏதும் இல்லை. கண்டது மட்டுமே இருந்தது.

எனவே நியூமன் எழுதியதை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினார். காற்றின் சிறு வீச்சையும் புதரின் சலசலப்பையும் இசையின் வித்தாகக் கொண்டார். மெல்லிய நடுக்கமாய்த் தொடங்கும் ஒலி சிறிது சிறிதாக விரிந்து பெருகுகிறது. தம் இசை அச்சிறுமியின் உள்ளத்து வியப்பைச் சொல்லவேண்டுமேயன்றி, அவள் பின்னாளில் புனிதையாவாள் என்று அறிந்த நம் பக்தியைச் சொல்லலாகாது என்பதே தம் நோக்கமென அவர் விளக்கியுள்ளார். அவ்விசைக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. நடித்த ஜெனிபர் ஜோன்சுக்கும் விருது கிடைத்தது.

இதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்று 1959ஆம் ஆண்டின் 'பென்ஹர்' படத்திலும் நேர்ந்தது. இசையமைத்தவர் புடாபெஸ்ட்டில் பிறந்த மிக்லோஸ் ரோஷா. கிறிஸ்து பிறப்புக் காட்சிக்கு 'ஆதெஸ்தே பிதேலஸ்' பாடலைச் சேர்க்கலாம் என்று இயக்குநர் வில்லியம் வைலர் விரும்பினார். உலகெங்கும் கிறிஸ்மஸ் இரவில் ஒலிக்கும் பாடல். நம் முன்னோரும் இலத்தீனில் பாடி மகிழ்ந்தது. ஆனால் அது 18ஆம் நூற்றாண்டுப் பாடல். ரோஷா இணங்கவில்லை. எளிய மெட்டொன்றைத் தாமே அமைத்தார்.

அப்படத்தில் ஆண்டவரின் முகம் காட்டப்படுவதில்லை. அவராக நடித்த கிளாட் ஹீட்டர் இசைநாடகப் பாடகர். ஆயினும் அவர் குரல் ஒருமுறைகூட ஒலிப்பதில்லை. அந்த மறைந்த முகத்துக்கும் கேளாக் குரலுக்கும் ஈடாக நிற்பது ரோஷாவின் இசையே. நாசரேத்தில், தண்ணீர் மறுக்கப்பட்டுத் தரையில் விழுந்து கிடக்கும் பென்ஹரின் தலையை ஒரு கரம் தாங்கித் தண்ணீர் கொடுக்கிறது. ஆர்கனும் வயலின்களும் மெல்ல எழுகின்றன. தடுக்க வந்த படைத்தலைவன் அம்முகத்தைக் கண்டு தயங்கித் திரும்புகிறான். நாமோ அம்முகத்தைக் காண்பதில்லை. அவன் தயக்கத்தையே காண்கிறோம். புகழ்பெற்ற தேர்ப் பந்தயத்திலோ இசையே இல்லை. குளம்பொலியும் சக்கர ஒலியும் மக்கள் கூச்சலும் மட்டுமே. எங்கே பேசாதிருக்கவேண்டும் என்று அறிந்ததும் அவருடைய கலையே.

மாறாக நடந்ததும் உண்டு. 1965இல் வெளிவந்த 'ஈடிணையற்ற பெருங்கதை' என்னும் இயேசு வரலாற்றுப் படத்துக்கும் நியூமனே இசையமைத்தார். இலாசர் உயிர்பெறும் கட்டத்துக்கும் உயிர்ப்புக்கும் அவர் எழுதிய இசையை விலக்கி, இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் ஹாண்டலின் 'அல்லேலூயா'வை அமைத்தார். ஹாண்டலின் இசை மாபெரும் இசை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கேட்டவுடன் நம் மனம் பெத்தானியாவை விட்டு இசையரங்குக்குப் போய்விடுகிறது. மார்த்தாளும் மரியாளும் அடைந்த திகைப்பு நம்மை வந்து சேர்வதில்லை. 22 ஆண்டுகளுக்குமுன் தாம் எதனை மறுத்தாரோ அதுவே தம் படத்தில் ஒலிப்பதைக் கேட்கவேண்டிய நிலை நியூமனுக்கு வந்தது.

இவையெல்லாம் திரையுலகச் செய்திகள். நமக்கென்ன என்று கேட்கலாம். இசை எந்த அளவுக்குத் திருவழிபாட்டுச் செயலோடு நெருங்கி இணைகிறதோ அந்த அளவுக்கே அது தூயது என 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. நியூமனும் ரோஷாவும் தம் துறையில் இதற்கு நிகரான நெறியைக் கைக்கொண்டனர். நம் ஆலயங்களிலோ மக்களின் உள்ளம் உடனே உருகவேண்டும் என்று திரைப்பாடலின் மெட்டிலே பக்திச் சொற்களைப் பொருத்திப் பாடுகிறோம். உருக்கம் வரத்தான் செய்கிறது. ஆனால் பலிபீடத்தில் நடப்பதிலிருந்து வந்ததா, மெட்டின் நினைவிலிருந்து வந்ததா என்று நாம் கேட்பதில்லை.

பாடகர் குழுவை மட்டும் நான் குறை கூறவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் இளவயது மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவரின் இல்லம் சென்றேன். உயிர்ப்பைப் பற்றியும் இறைத்திட்டத்தைப் பற்றியும் என்னிடம் ஆயத்தமாய் இருந்த சொற்களையெல்லாம் சொன்னேன். அவை உண்மையான சொற்களே. அந்த அம்மா தலைகுனிந்து கேட்டிருந்துவிட்டு, "சாமி, அவன் கடைசியா என்ன சொன்னான்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றார். நான் என் நம்பிக்கையை அவர் துயரத்தின்மேல் இசைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. பிறகு வாய்மூடி அமர்ந்தேன். அவர் பேசினார்.

ஓரேபு மலையில் எலியா பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் ஆண்டவரைக் காணவில்லை. மெல்லிய ஒலி கேட்டபொழுதே முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தார். அவ்வொலி எழுமளவும் காத்திருக்க நமக்குப் பொறுமை வேண்டும். 'பெர்னதெத்தின் பாடல்' படத்தைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமாயின், குகைக்காட்சி வரும்பொழுது சற்றே கண்களை மூடிக் கேளுங்கள். முதலில் கேட்பது காற்றாகவே இருக்கும்.