காலை ஆறரை மணி வானொலி

முதியோருக்கு உடற்பயிற்சி நன்று என எந்த வைத்தியரும் சொல்வார். கிராமத்து முதியவர் அதை நாள் தவறாது செய்ய வழி என்ன? யப்பானின் ‘ராஜியோ தைசோ’ என்னும் வானொலி உடற்பயிற்சியின் வரலாற்றில் இதற்கு விடை இருப்பதாகக் கருதுகிறேன்.

1928 நவம்பரில் அதைத் தொடக்கி வைத்தது சுகாதாரத் துறை அன்று. ஆயுள் காப்புறுதியையும் நடத்திய அஞ்சல் நிர்வாகமே. காப்புறுதி செய்தவர் நீண்டகாலம் வாழ்வது அதற்கும் இலாபம். தபால் ஊழியர் அப்பயிற்சியைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றனர்.

போர்க்காலத்தில் அதுவே மக்களை ஒரே அணியில் நிறுத்தும் கருவியாயிற்று. தோல்விக்குப் பின் நின்றுபோனது. 1951 இல் 13 அசைவுகளுடன் புதிய வடிவில் மீண்டது. சர்வதேச முதியோர் ஆண்டான 1999 இல், அமர்ந்தபடியும் செய்யத்தக்க ‘மின்னா நோ தைசோ’ சேர்ந்தது. ‘எல்லோருக்குமான பயிற்சி’ என்பது அதன் பொருள்.

கட்டளை மறைந்த பின்னரும் பழக்கம் நிலைத்தது. இன்றும் காலை 6.30 இற்கு வானொலி ஒலிக்க, முதியோர் கூடுகின்றனர். குறித்த நேரம், நடந்து செல்லும் தூரத்தில் ஒரு வெளி, வராதவரை விசாரிக்கும் அயலார்: இம்மூன்றுமே அதன் பலம். தனித்து வாழும் முதியவருக்கு மூன்றாவதே பெருமருந்து என்பேன்.