பம்புகள் நின்ற நாள்: பியூட் செம்புச் சுரங்கமும் ‘தூய்மை’யின் எல்லையும்

‘கைவிடப்பட்ட சுரங்கம்’ என்னும் தொடரை நம் ஆய்வேடுகளில் தயக்கமின்றி எழுதி வருகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். அத்தொடரில் செயல் தெரிகிறது, செய்தவர் மறைந்துவிடுகிறார். கைவிடுதல் காலப்போக்கில் தானே நிகழ்வது போன்ற தோற்றம் உண்டாகிறது. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்துப் பியூட் நகரின் வரலாறு இதனை ஏற்பதில்லை. அங்கே கைவிடலுக்கு ஒரு தேதியே இருக்கிறது: 1982 ஏப்ரல் 22. அன்று புவி நாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மின்கம்பிகளுக்கான செம்பைத் தந்து செழித்த நகரம் பியூட். அனகோண்டா நிறுவனம் பல்லாண்டுகள் நிலத்தடிச் சுரங்கங்களில் தாது எடுத்தபின், 1955இல் பெர்க்லி என்னும் திறந்தவெளிப் பள்ளத்தை வெட்டத் தொடங்கியது. இத்தாலியரும் சிலாவியரும் வாழ்ந்த மீடர்வில், மக்குவீன் ஆகிய குடியிருப்புகளைப் பள்ளம் விழுங்கிற்று. 1977இல் அனகோண்டாவை வாங்கிய ஆர்கோ என்னும் எண்ணெய் நிறுவனம், செம்பின் விலை வீழ்ந்த நிலையில், கெல்லி சுரங்கத்தின் ஆழத்தில் இயங்கிய பம்புகளை அந்த ஏப்ரல் நாளில் நிறுத்தியது.

அதன்பின் நிலத்தடி நீர் தன் பழைய மட்டத்தை நோக்கி ஏறத் தொடங்கியது. (கோலார் தங்கவயல் 2001இல் மூடப்பட்டபின் அங்கு நடந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.) சுரங்கப் பாதைகளின் சுவர்களில் இரும்பும் கந்தகமும் கலந்த பைரைட் கனிமம் காற்றுபடத் திறந்து கிடந்தது. காற்றும் நீரும் சேர்ந்தால் அது கந்தக அமிலத்தைத் தரும். அமிலம் பாறையிலுள்ள செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவற்றைக் கரைக்கும். ஏறத்தாழ எலுமிச்சைச் சாற்றின் புளிப்புடைய ஓர் ஏரி அப்பள்ளத்தில் உருவாயிற்று. 1995 நவம்பரில் அதில் இறங்கிய பனிவாத்துகளில் 342 செத்து மிதந்தன. 2016இல் ஆயிரக்கணக்கில் மாண்டன.

இந்த ஏரியை வற்றவைக்கும் திட்டம் எதுவும் இல்லை. சுற்றியுள்ள நிலத்தடி நீருக்கெல்லாம் பள்ளமே தாழ்ந்த இடமாக இருக்கும்வரை நஞ்சு உள்நோக்கியே வரும். நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 5,410 அடியைக் கடந்தால் திசை மாறி, ஓடையையும் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரையும் நோக்கிப் பாயும் என்று கணித்தார்கள். அந்த எண்ணைத் தாண்டவிடாமல் காப்பதே இங்குச் சுத்திகரிப்பு. 2003இல் சுண்ணாம்பு கலந்து உலோகங்களைப் படியவைக்கும் நிலையம் வந்தது. 2019 முதல் பள்ளத்து நீரையே இறைத்துத் தூய்மை செய்து சில்வர் போ ஓடையில் விடுகிறார்கள். ஆக, 1982இல் நின்ற வேலையான நீரிறைப்பே இன்று ‘தீர்வு’ என்னும் பெயரில் மீண்டும் நடக்கிறது. இதற்கு முடிவுத் தேதி கிடையாது.

ஆற்றின் கதை வேறு. 1908ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் சுரங்கக் கழிவுகளை அடித்துச் சென்று, நூறு மைலுக்கும் அப்பால், அப்போதுதான் கட்டி முடித்திருந்த மில்டவுன் அணையின் பின்னே சேர்த்தது. 1981இல் அவ்வூர்க் கிணறுகளில் ஆர்செனிக் கண்டறியப்பட்டது. 2008இல் அணை உடைக்கப்பட்டு ஆறு விடுதலை பெற்றது. சூழலியல் மீட்பின் வெற்றிக் கதையாக இதைப் பலரும் கற்பிக்கிறார்கள். ஆற்றளவில் அது உண்மைதான். ஆனால் அங்கிருந்து தோண்டிய வண்டல் எங்கே போயிற்று? சுமார் 22 லட்சம் கன கெஜ மண் ரயிலேறி, அனகோண்டா உருக்காலையின் கழிவுப் படுகைகளுக்குத் திரும்பியது. அப்படுகைகளை ஒட்டிய சிற்றூரின் பெயர் ஆப்பர்ச்சூனிட்டி. வாய்ப்பு என்று பொருள்படும் அப்பெயரோடு, தன் தொழிலாளர்களுக்காக அனகோண்டா நிறுவனமே உருவாக்கிய ஊர் அது.

அவ்வூரிலும் அண்டையிலும் நிலமுடைய 98 பேர் தொடுத்த வழக்கு, 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. குடியிருப்பு மண்ணில் பத்து லட்சம் பங்குக்கு 250 பங்குவரை ஆர்செனிக் இருக்கலாம் என்றது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நில உரிமையாளர்கள் 15 பங்காகக் குறைக்கக் கேட்டார்கள். அதற்கான செலவை ஆர்கோ தர வேண்டும் என்றார்கள். ஆழத் தோண்டினால் அடங்கிக் கிடக்கும் நஞ்சு கிளம்பும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எத்தனை பங்கு நஞ்சோடு வாழலாம் என்பதை அங்கு வாழாதவர்கள் முடிவுசெய்தார்கள் என்பதும் உண்மை.

மாநில நீதிமன்றத்தில் வழக்காடத் தடையில்லை என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பு, 1980ஆம் ஆண்டின் சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, மாசடைந்த நிலத்துக்கு உரிமையாளர் என்ற ஒரே காரணத்தால் அவர்களும் ‘மாசுக்குப் பொறுப்பாகக்கூடிய தரப்பினர்’ என்றது. எனவே உருக்காலைப் புகை படிந்த தன் முற்றத்து மண்ணை அந்த அளவுக்குத் தோண்டி அகற்ற நினைப்பவர், முதலில் முகமையின் இசைவைப் பெற வேண்டும்.