பழைய ஹோம் தியேட்டரில் உயர்தெளிவுப் படமும் சூழொலியும்

எச்.டி.எம்.ஐ. இணைப்பே இல்லாத, அல்லது அதன் தொடக்கப் பதிப்பு மட்டும் உள்ள ஏ.வி. ரிசீவர், டி.வி.டி. பிளேயர், ஸ்பீக்கர் தொகுப்பு ஆகியவற்றை இன்றைய டி.வி., செட்டாப் பாக்ஸ், ஓ.டி.டி. பெட்டி ஆகியவற்றோடு சேர்த்து இயக்க முடியும். படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே இதற்கு அடிப்படை. படம் நேராகப் புதிய திரைக்குப் போகலாம். ஒலி பழைய ரிசீவருக்குப் புரியும் வடிவில் தனி வழியில் போகலாம். 15, 20 ஆண்டு ஓடிய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பழுதின்றி இருந்தால் இன்றும் நல்ல ஒலி தரக்கூடியவை. காலத்தால் பின்தங்கியவை பெரும்பாலும் அவற்றின் உள்ளீடுகளே. இதை அறியாமல் பல வீடுகளில் நல்ல கருவிகள் எடைக்குப் போகின்றன.

கட்கியும் புனேயும்

பழைய கருவிகளும் புதியவையும் ஒரே வீட்டில் எப்படிச் சேர்கின்றன என்பதற்குக் கட்கி ஓர் எடுத்துக்காட்டு. முளா ஆற்றை ஒட்டிய கட்கி, புனேயின் வடமேற்கில் உள்ள கன்டோன்மென்ட் பகுதி. 1869-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையும் பாம்பே சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகமும் இங்கே உள்ளன. வேலைக்காக வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இங்கு உண்டு.

புனேக்கு 1973-இல் மும்பை தூர்தர்ஷனின் ஒளிபரப்பு வந்தது. 1982-இல் நாட்டில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. கேபிள் டி.வி.யை டிஜிட்டலாக்கும் சட்டத்தின் முதல் கட்டத்தில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா இருந்தன. இரண்டாம் கட்டத்து 38 நகரங்களில் புனேயும் ஒன்று. அதற்கான கெடு 2013 மார்ச் 31. அதன்பின் செட்டாப் பாக்ஸ் இல்லாத கேபிள் இணைப்புக்கு இடமில்லாமல் போனது. இதனால் ஒரே வீட்டில் மூன்று காலத்துக் கருவிகள் சேர்ந்துவிட்டன: மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட டி.வி.டி. பிளேயர், ஆப்டிக்கல் உள்ளீடு உள்ள ரிசீவர், எச்.டி.எம்.ஐ. மட்டுமே தரும் புதிய பெட்டி.

இவற்றை இணைக்கத் தேவையான கேபிளும் கன்வெர்ட்டரும் புனே புத்வார் பேட்டையை ஒட்டிய தாப்கீர் கல்லிக் கடைகளில் கிடைக்கும். பழைய கருவிகளைத் தேடுவோர் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாருக்குப் போவார்கள். சென்னையில் இந்த வேலைக்கு ரிச்சி தெரு. தனித்தனி போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) ஆம்ப்ளிஃபயரை அசெம்பிள் செய்யும் கைத்தொழில் தமிழகத்தில் பரவலானது. பழைய கருவியைப் புதிய மூலத்தோடு சேர்க்கும் அறிவு இந்தப் பட்டறைகளில்தான் அதிகம் சேர்ந்திருக்கிறது.

இணைப்பு வகைகள்

*காம்போசிட்.* மஞ்சள் முனை. ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து செல்வதால் விளிம்புகளில் நிறம் கசியும். இந்தியாவின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 625 வரிகள். அவற்றில் படம் தருபவை 576. இதற்கு மேல் தெளிவு இந்த வழியில் வராது.

*எஸ்-வீடியோ.* 1987-இல் எஸ்-வி.எச்.எஸ். கருவிகளோடு பரவியது. ஒளிர்வும் நிறமும் தனித்தனிக் கம்பிகளில் செல்லும். படம் சுத்தமாகும், வரிகள் கூடாது.

*காம்போனன்ட்.* பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனைகள். அனலாக் முறையில் உயர்தெளிவுப் படத்தைக் கொண்டுசெல்லும் இணைப்பு இது. 720பி, 1080ஐ எளிதாகப் போகும்.

*எச்.டி.எம்.ஐ.* முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வந்தது. 2006-இன் 1.3 பதிப்பு டால்பி ட்ரூஎச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. ஆகியவற்றை அப்படியே கடத்தியது. 2009-இன் 1.4 பதிப்பில் ஏ.ஆர்.சி. எனும் திரும்பு ஒலிவழி சேர்ந்தது. 2013-இன் 2.0, விநாடிக்கு 60 பிரேம் 4கே படத்தைத் தாங்கியது. 2017-இன் 2.1 பதிப்பில் அதன் மேம்பட்ட வடிவமான இ-ஏ.ஆர்.சி. வந்தது.

*ஆப்டிக்கல், கோஆக்சியல்.* இரண்டும் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் வகுத்த ஒரே டிஜிட்டல் ஒலி முறையைக் கடத்துபவை. ஆப்டிக்கல் கேபிளை தோஷிபா 1983-இல் கொண்டுவந்தது. இரண்டு சேனல் பி.சி.எம். எனும் சுருக்கப்படாத ஒலி, அல்லது 5.1 டால்பி டிஜிட்டல், அல்லது 5.1 டி.டி.எஸ். இவற்றில் போகும். ட்ரூஎச்.டி., டால்பி டிஜிட்டல் பிளஸ் போகா.

*5.1 அனலாக் உள்ளீடு.* ஆறு ஆர்.சி.ஏ. முனைகள். டீகோடிங் முழுவதையும் பிளேயரே முடித்து, ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக அனுப்பும்.

படம்

பால் டி.வி.டி.யின் ஒரு பிரேம் 720×576, அதாவது 4,14,720 படப்புள்ளிகள். முழு எச்.டி. 1920×1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. 4கே திரையிலோ 82,94,400. டி.வி.டி.யைப் பெரிய திரையில் போட்டால் மீதிப் புள்ளிகளை டி.வி. கணக்கிட்டு நிரப்புகிறது. இதை அப்ஸ்கேலிங் என்பார்கள். விளிம்பு மென்மையாகும், கண்ணுக்கு இதமாகும். வட்டில் பதிவாகாத நுணுக்கம் எதுவும் புதிதாகப் பிறக்காது.

பழைய பிளேயரில் காம்போனன்ட் வெளியீடு இருந்தால், மஞ்சள் முனையை விட்டு அதற்கு மாறி, அமைப்பில் 'புரோகிரசிவ் ஸ்கேன்' தேர்வை இயக்குவது செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம். திரை வடிவத்தை 16:9 என மாற்றவும் மறக்கக் கூடாது. 4:3 என விட்டால் அகலத்திரைப் படத்தின் மேலும் கீழும் வரிகள் கறுப்புப் பட்டைகளுக்கு வீணாகும்.

புளூ-ரேயை அனலாக் வழியில் பார்ப்பதற்கு உரிம வரம்பு உண்டு. வட்டின் காப்புமுறையான ஏ.ஏ.சி.எஸ்.-இன் உரிம விதிப்படி, 2010-க்குப் பின் தயாரான பிளேயர்கள் அனலாக் முனையில் சாதாரணத் தெளிவை மட்டுமே தர வேண்டும். 2013-க்குப் பின் தயாரானவற்றில் அனலாக் படமே வரக் கூடாது. காம்போனன்ட் மட்டுமே உள்ள பழைய புரொஜெக்டரை வைத்திருப்பவர் இதனால் 2010 வரை தயாரான பிளேயரைத் தேட வேண்டியிருக்கிறது. எச்.டி.எம்.ஐ. வழியிலும் எச்.டி.சி.பி. எனும் காப்பு உண்டு. 4கே பெட்டிகள் கேட்கும் 2.2 பதிப்பு பழைய ரிசீவரில் இருக்காது; அதன் வழியே படத்தை அனுப்பினால் 1080பி ஆகக் குறையும், அல்லது திரை கறுப்பாகவே நிற்கும். ஆகவே 4கே படம் ரிசீவருக்குள் நுழையாமல் நேரே டி.வி.க்குப் போவதே சரி.

பழைய படங்களை உண்மையான உயர்தெளிவில் காண, வட்டைத் தாண்டி மூலப் பிலிமுக்குப் போக வேண்டும். 1964-இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இந்தப் பணியின் மையங்களில் ஒன்று; நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து, கீறல் நீக்கி, 4கே பிரதியாக்கும் வேலை இங்கே நடக்கிறது. 1964-இன் 'கர்ணன்' படம் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் திரையரங்குகளுக்குத் திரும்பியது. பழைய பிலிமில் நுணுக்கம் ஏற்கெனவே உறைந்திருப்பதால்தான் அதை மீட்க முடிகிறது.

ஒலி

தமிழ்த் திரையரங்குகளில் சூழொலியைப் பரவலாக்கிய படங்களில் டால்பி ஒலியுடன் வந்த 'குருதிப்புனல்' (1995), டி.டி.எஸ். ஒலியுடன் வந்த 'கருப்பு ரோஜா' (1996) ஆகியவை முன்னோடிகள். அந்தக் காலத்தின் முதன்மையான ஒலிப்பொறியாளர்களில் ஒருவர் எச். ஸ்ரீதர். 2012-இல் 'சிவாஜி'யின் முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸில் வெளிவந்தது. இந்த ஒலி வடிவங்கள் ஒவ்வொன்றும் வீட்டுக்கும் வந்தன. புதிய வடிவங்கள் பழைய ரிசீவரையும் பேச வைக்கும்படியே பெரும்பாலும் அமைக்கப்பட்டன. பழைய கருவி வைத்திருப்பவருக்கு இதுவே பெரிய வாய்ப்பு.

புளூ-ரேயில் ட்ரூஎச்.டி. ஒலி இருந்தால் அதனுடன் சாதாரண டால்பி டிஜிட்டல் ஒலியும் கட்டாயம் இருக்கும். விநாடிக்கு 640 கிலோபிட் வரை. டி.வி.டி.யில் அது 448 கிலோபிட்டைத் தாண்டாது. டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஆடியோவின் உள்ளே 1.5 மெகாபிட் அளவுள்ள பழைய டி.டி.எஸ். கருவாக இருக்கிறது. ஆகவே ஆப்டிக்கல் மட்டுமே உள்ள ரிசீவரும் புளூ-ரேயிலிருந்து டி.வி.டி.யைவிட மேலான 5.1 ஒலியைப் பெறும்.

எச்.டி.எம்.ஐ. உள்ள தொடக்ககால ரிசீவருக்கு இன்னும் நல்ல வழி உண்டு. முதல் பதிப்பிலிருந்தே அந்த இணைப்பு எட்டுச் சேனல் பி.சி.எம். ஒலியைத் தாங்கும். ரிசீவருக்கு ட்ரூஎச்.டி. தெரியாவிட்டாலும், பிளேயரின் அமைப்பில் 'பிட்ஸ்ட்ரீம்' என்பதை 'பி.சி.எம்.' என மாற்றினால் பிளேயரே டீகோட் செய்து அனுப்பும். தரம் சிறிதும் குறையாது. பிளேஸ்டேஷன் 3-இன் தொடக்க மாதிரிகள் இப்படித்தான் இயங்கின. ஆனால், எச்.டி.எம்.ஐ. முனை இருந்தும் படத்தை மட்டும் கடத்தி ஒலியைத் தொடாத ரிசீவர்களும் அன்று வந்தன. வாங்குமுன் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

ஓ.டி.டி. செயலிகள் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் ஒலியைத் தருகின்றன. ஆப்டிக்கலில் அது போகாது என்பதால், டி.வி.யின் அல்லது பெட்டியின் ஒலி அமைப்பில் 'டால்பி டிஜிட்டல்' எனத் தேர்ந்தால் 5.1 மாற்றப்பட்டு வரும். அட்மாஸ் ஒலியில் உயரத்துக்குரிய ஓசைகள் பழைய ரிசீவரில் தரைமட்ட ஸ்பீக்கர்களுக்குள் சேர்ந்து கேட்கும். வசனமோ இசையோ தொலைந்துபோகாது.

சிவப்பு, வெள்ளை முனைகள் மட்டுமே உள்ள ரிசீவரிலும் வழி அடைபட்டுவிடவில்லை. 1987-இன் டால்பி புரோ லாஜிக், ஸ்டீரியோவிலிருந்து நடு ஸ்பீக்கரையும் பின்பக்க ஒற்றைச் சேனலையும் பிரித்தெடுக்கும். 2000-இன் புரோ லாஜிக் 2 பின்பக்கத்தையும் இடம், வலம் எனப் பிரிக்கும்.

நடைமுறை இணைப்புகள்

ஆப்டிக்கல் உள்ள ரிசீவருக்கு முதல் வழி, எல்லாப் பெட்டிகளையும் டி.வி.யில் செருகி, டி.வி.யின் ஆப்டிக்கல் வெளியீட்டிலிருந்து ஒலி எடுப்பது. சில டி.வி.கள் வெளியிலிருந்து வரும் 5.1 ஒலியை ஸ்டீரியோவாகச் சுருக்கி அனுப்பும். ரிசீவரின் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்ற எழுத்து எரியாவிட்டால் அதுதான் நடக்கிறது. அப்போது பெட்டிக்கும் டி.வி.க்கும் நடுவே, ஒலியைத் தனியே பிரித்துத் தரும் எச்.டி.எம்.ஐ. ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் வைக்க வேண்டும். அதில் 5.1 என்ற தேர்வுப் பொத்தான் இருப்பது முக்கியம். அதுவே பெட்டியிடம் 5.1 ஒலியைக் கேட்டு வாங்குகிறது.

ஆறு ஆர்.சி.ஏ. உள்ளீடு கொண்ட அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபயருக்கோ 5.1 ஸ்பீக்கர் தொகுப்புக்கோ, ஆப்டிக்கலை வாங்கி ஆறு அனலாக் முனைகளாகப் பிரிக்கும் டீகோடர் பெட்டி போதும். டி.வி.டி. பிளேயரே ஆம்ப்ளிஃபயராகவும் இருக்கும் ஒற்றைப் பெட்டி ஹோம் தியேட்டரில் டிஜிட்டல் உள்ளீடு இல்லையென்றால், வெளிப் பெட்டிகளின் ஒலிக்கு ஸ்டீரியோவும் புரோ லாஜிக்கும்தான் எல்லை.

சீரமைப்பு

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, கேட்பவரின் நேர்முகத்திலிருந்து முன் ஸ்பீக்கர்கள் 30 பாகையிலும், பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்க வேண்டும். சிறிய அறைகளில் பின் ஸ்பீக்கரைச் சுவரில் காது மட்டத்துக்குச் சற்று மேலே பொருத்தலாம். ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிவிநாடி ஆகும். ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளந்து ரிசீவரில் பதித்தால் எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும். சிறிய ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள தாழ்ஒலியை சப்வூஃபருக்குத் திருப்பிவிடுவது வழக்கம். படம் டி.வி.க்குள் செயலாக்கப்படும் நேரத்தால் உதட்டசைவு பின்தங்கினால், ரிசீவரின் ஒலித் தாமத அமைப்பைக் கூட்ட வேண்டும்.

பராமரிப்பும் எல்லையும்

நீண்ட காலம் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபயரில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கலாம். 'ஹம்' இரைச்சல் அதன் அடையாளங்களில் ஒன்று. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றிய நுரை வளையம் பொடிந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். புனேயின் மழைக்கால ஈரத்தில் ஆர்.சி.ஏ. முனைகளில் களிம்பு பிடிக்கும். மின்சாரத்தைத் துண்டித்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் விட்டுவிட்டு வரும் ஒலி சரியாகும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் கருவியை நம் 230 வோல்ட்டில் நேரே செருகக் கூடாது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

இனிப் பழுதுபார்க்க முடியாதவற்றைக் குப்பையில் கொட்டக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், அவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்குத் தருகின்றன. கருவியைக் கழிக்கும் முன் எதை மாற்றுவது என்ற வரிசை தெளிவாக இருக்க வேண்டும்: முதலில் கேபிளும் அமைப்புகளும், அடுத்து எக்ஸ்ட்ராக்டர் அல்லது டீகோடர், பிறகு பிளேயர், அதன்பின் ரிசீவர். ஸ்பீக்கர் கடைசி. இந்த வரிசையில் போகிறவர் பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே தேவையானதைப் பெற்றுவிடுவார்.